சந்தை, அரசாங்கம், நம் கடை: பினாங்கு சிறுவியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் சிறுவியாபாரிகளுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும்போது பாதிக் கேள்விகள்தாம் கணக்கைப் பற்றி வருகின்றன. மீதிப் பாதி, "அரசாங்கம் ஏன் இப்படிச் செய்கிறது, சந்தை ஏன் அப்படிப் போகிறது" என்பவை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வில் பொருளியல் எடுக்கும் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விலை, சம்பளம், வரி பற்றிய எண்கள் 2025 இறுதி நிலவரப்படி.

சுதந்திரச் சந்தைப் பொருளாதாரம் என்றால் சுருக்கமாக என்ன?

சொத்து தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். யாரும் தொழில் தொடங்கலாம். எதை, எவ்வளவு, என்ன விலைக்கு விற்பது என்பதை விற்பவரும் வாங்குபவரும் முடிவு செய்கிறார்கள். லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அது தொழில் செய்தவருடையது. இவை பெருமளவுக்கு இருக்கும் நாட்டைச் சுதந்திரச் சந்தை நாடு என்கிறோம்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எத்தனை புடவைக் கடை, எத்தனை மளிகைக் கடை இருக்க வேண்டும் என்று எந்த அமைச்சும் திட்டம் போடவில்லை. ஆனாலும் தீபாவளிக்கு முந்தின வாரம் போனால் முறுக்கு அச்சிலிருந்து வெற்றிலை வரை எல்லாம் கிடைக்கிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் பிழைப்பைப் பார்க்கிறார், மொத்தத்தில் தெருவே நம் தேவையைப் பார்த்துக்கொள்கிறது.

மலேசியா முழுக்கச் சந்தையிடம் விட்ட நாடும் இல்லை. எண்ணெய் வளம் அரசாங்க நிறுவனமான பெட்ரோனாஸ் கையில், அரிசி இறக்குமதி பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில், பெட்ரோல் விலை அரசாங்கத்தின் கையில். இதைக் கலப்புப் பொருளாதாரம் என்பார்கள். உலகத்தில் எல்லா நாடும் கலப்புத்தான், அளவு மட்டும் வேறுபடும்.

யாரும் உத்தரவு போடாமல் விலை எப்படி ஏறுகிறது, இறங்குகிறது?

இதற்கு 2023-இல் நாம் பட்ட அரிசிப் பாட்டைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது. இந்திய அரிசியை நம்பியிருந்த நாடுகள் எல்லாம் தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் பக்கம் திரும்பின. அங்கேயும் விலை ஏறியது. செப்டம்பர் 1-ஆம் தேதி பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது.

ஏறிய விலை இரண்டு வேலை செய்கிறது. வாங்குபவரிடம் "பொருள் குறைந்திருக்கிறது, பார்த்துச் செலவழி" என்கிறது. விளைவிப்பவரிடமும் கொண்டுவந்து விற்பவரிடமும் "இன்னும் கொண்டு வா, லாபம் இருக்கிறது" என்கிறது. இந்தியாவில் மழை எப்படிப் பெய்தது என்று பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. விலைச்சீட்டைப் பார்த்தாலே போதும், அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறார்.

ஆனால் உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் 10 கிலோவுக்கு 26 ரிங்கிட் என்று உச்ச விலை வைத்திருந்தது. இறக்குமதி அரிசி அதைவிட வெகு தூரம் ஏறிவிட்டது. என்ன நடந்தது? எல்லோரும் உள்நாட்டு அரிசியையே தேடினார்கள். கடைகளில் அது காணாமல் போனது. உள்நாட்டு அரிசியை இறக்குமதி அரிசிப் பையில் மாற்றிப் போட்டு விற்கிறார்கள் என்ற புகார் நாடு முழுக்க எழுந்தது, அதிகாரிகள் ஆலைகளையும் கிடங்குகளையும் சோதனை போட்டார்கள். ஒரே மாதிரிப் பொருளுக்கு இரண்டு விலை வைத்தால், மலிவானது மறைந்து விலை கூடியதாக வெளியே வரும். இது அரிசிக்கு மட்டும் உள்ள குணமில்லை.

லாபம் என்பதே அடுத்தவர் வயிற்றில் அடிப்பதுதானே?

போட்டி இருக்கும் இடத்தில் அப்படி இல்லை. பக்கத்துக் கடை திறந்திருக்கும்போது நீங்கள் கூடுதல் விலை சொன்னால் வாடிக்கையாளர் நாலடி நடந்து போய்விடுவார். அங்கே லாபம் பார்க்க ஒரே வழி, ஏதாவது ஒன்றைப் பக்கத்துக் கடையைவிட நன்றாகச் செய்வது.

போட்டி இல்லாத இடத்தில் உங்கள் கோபம் நியாயம். ஒரே விற்பனையாளர், அல்லது கூடிப் பேசி வைத்துக்கொண்ட நாலு விற்பனையாளர் என்றால், லாபம் திறமையின் கூலியாக இருப்பதில்லை. அதைத் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

நட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூடிய கடையின் வாடகை முன்பணம், அடகு வைத்த நகை, எல்லாம் அந்தக் குடும்பத்தினுடையது. சந்தை தவறான முயற்சியை நிறுத்துவது நட்டத்தின் மூலம்தான். அது கொடூரமானது, ஆனாலும் தேவையானது. விழுந்தவர் மறுபடி எழ வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதில் அரசாங்கத்துக்கு நிச்சயம் பங்கு உண்டு.

அப்படியென்றால் அரசாங்கம் விலகிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. கடையில் நீங்கள் கையாளும் எல்லாவற்றிலும் அரசாங்கம் இருக்கிறது. தராசுக்கு ஆண்டுதோறும் சோதனை முத்திரை குத்துகிறார்கள், அதனால்தான் கிலோ என்றால் கிலோ. ரிங்கிட் நோட்டை மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடுகிறது. வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் மீறினால் நீதிமன்றம் இருக்கிறது. இவை இல்லாத ஊரில் சந்தை நடக்காது, ஆள் பலம் உள்ளவன் ராஜ்ஜியம்தான் நடக்கும்.

அப்புறம், மூன்றாம் மனிதர் தலையில் விழும் செலவு. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியவருக்குச் செலவு மிச்சம், மூச்சுத் திணறிய பிள்ளைக்கு அந்த வியாபாரத்தில் பங்கே இல்லை. இப்படிப்பட்ட செலவை விலைச்சீட்டு காட்டாது. சட்டம்தான் காட்ட வேண்டும்.

ஆகவே "அரசாங்கம் வேண்டுமா வேண்டாமா" என்று நான் கேட்பதில்லை. எந்த விதி வந்தாலும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு இது கதவைத் திறக்கிறதா, சாத்துகிறதா? நம் ஆட்களில் பெரும்பாலோர் புதிதாக வருகிறவர்கள். சாத்தின கதவு நம்மைத்தான் முதலில் தாக்கும்.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி பட்ட பாடு சுதந்திரச் சந்தையின் கொடுமைதானே?

இந்தக் கேள்வியை யாராவது கேட்காத வகுப்பே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியும் கூட.

ரப்பர் லண்டனில் சுதந்திரமாக விற்கப்பட்டது உண்மை. ஆனால் பால்மரம் வெட்டியவருக்குச் சுதந்திரம் எங்கே இருந்தது? 1910 வரை ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுத்தார்கள். ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். அதற்குப் பிறகு, ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும் மேஸ்திரியான கங்காணியின் முறை: சட்டப்படி கட்டில்லை, கடன்கட்டு இருந்தது. 1907-இல் காலனி அரசாங்கம் ஒரு குடிநுழைவு நிதியை அமைத்தது. தோட்ட முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள், அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கூலி இல்லாமல் கொண்டுவரப்பட்டார்கள்.

இதன் பொருளாதாரத்தைக் கவனியுங்கள். ரப்பருக்குத் தேவை கூடும்போது ஆள் பற்றாக்குறை வரும். பற்றாக்குறை வந்தால் கூலி ஏற வேண்டும். ஏற வேண்டிய நேரத்தில் கடலுக்கு அப்பாலிருந்து அரசாங்க ஏற்பாட்டில் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூலி அடங்கியே கிடந்தது.

ரப்பர் விலை விழுந்தபோதோ அதே அரசாங்கம் முதலாளிகளைக் காப்பாற்ற ஓடி வந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து மலாயா, இலங்கையிலிருந்து போகும் ரப்பரின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். விலை 1925-இல் உச்சத்துக்கு ஏறியது. டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளில் அந்தத் திட்டத்தில் சேரவில்லை, விலை நன்றாக இருக்கிறதென்று தாராளமாக விளைவித்தார்கள். 1928-இல் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் உலக மந்தம் வந்ததும் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கமே உதவிபெற்றுப் போகும் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

என் தீர்ப்பு இது: விற்பவருக்குச் சந்தை, உழைப்பவருக்குக் கட்டு. அதைச் சுதந்திரச் சந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நின்ற சந்தை அது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் சந்தையால் வந்தனவா, அரசாங்கத்தால் வந்தனவா?

இரண்டாலும். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1786 முதல் சுங்க வரி இல்லாத சுதந்திரத் துறைமுகமாக இருந்த பினாங்குத் தீவு 1969-இல் அந்தத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பிய வியாபாரம் சுருங்கியது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ 1990 வரை பதவியில் இருந்தார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் அமைந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல், ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, போஷ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. தீவிலிருந்தும் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த பெண்கள் தொழிற்சாலைச் சீருடை போட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் பலருக்குத் தோட்டத்துக்கு வெளியே மாதச் சம்பளம் என்று கிடைத்த முதல் வேலை அதுதான்.

அரசாங்கம் இங்கே செய்தது: நிலத்தைத் தயார் செய்தது, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்தது, வரிச் சலுகை கொடுத்தது, சுங்க நடைமுறையை எளிதாக்கியது. என்ன மின்னணுச் சில்லு செய்ய வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் வந்தபோதும் இதே பாணிதான். மாநில அரசு இடம் தந்தது, பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆள் தேவைப்பட்ட தொழிற்சாலைகளே முடிவு செய்தன.

இதோடு 1980-களின் கனரகத் தொழில் முயற்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1982-இல் தொடங்கிய பெர்வாஜா எஃகு ஆலையில் அரசாங்கமே முதலாளி. 1990-களின் நடுவில் அதன் நட்டம் கோடிக்கணக்கில் வெளியே வந்தது, சுமந்தது பொதுமக்கள் பணம். 1983-இல் வந்த புரோட்டோனுக்கு இறக்குமதிக் கார்கள் மேல் போட்ட வரி பாதுகாப்பாக இருந்தது, நாம் பல ஆண்டுகள் காருக்குக் கூடுதல் விலை கொடுத்தோம். கடைசியில் 2017-இல் 49.9 விழுக்காடு பங்கு சீனாவின் ஜீலிக்குப் போனது. புரோட்டோன் பல ஆயிரம் பேருக்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் போட்டியைத் தள்ளிப் போட்டால் திறமையும் தள்ளிப் போகும். பாயான் லெப்பாஸ் முதல் நாளிலிருந்தே உலகத்தோடு போட்டி போட்டது.

கோழி, முட்டை விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தினால் ஏழைக்கு நல்லதுதானே?

கொஞ்ச நாளைக்கு நல்லது. நீண்ட நாள் கட்டினால் கடையில் கோழியே இருக்காது.

2022-இல் தீவனச் சோளமும் சோயாவும் விலை ஏறின. இரண்டையும் நாம் இறக்குமதி செய்கிறோம், உக்ரைன் போர் அதை இன்னும் மோசமாக்கியது. கோழிக்கு உச்ச விலை கிலோவுக்கு 8.90 ரிங்கிட். பண்ணைக்காரருக்கு அந்த விலையில் கட்டுப்படியாகவில்லை, வளர்ப்பைக் குறைத்தார்கள். தட்டுப்பாடு வந்தது. ஜூன் 1-இல் கோழி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் தவித்தார்கள். ஜூலையில் உச்ச விலை 9.40 ஆனது, மானியமும் தொடர்ந்தது. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு விலைக் கட்டுப்பாடும் மானியமும் இரண்டும் நீக்கப்பட்டன. அப்போது பலர் விலை வானத்துக்குப் போகும் என்று பயந்தார்கள். போகவில்லை, கோழி கடைக்குத் திரும்பி வந்தது. முட்டை மானியம் 2025 ஆகஸ்டு 1-இல் முடிந்தது.

பண்டிகைக் கால உச்ச விலைத் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தீபாவளிக்குத் தேங்காய், தக்காளி, வெங்காயம், பருப்பு போன்றவற்றுக்குச் சில நாட்களுக்கு விலை கட்டுகிறார்கள். பண்டிகைக் கூட்டத்தைப் பயன்படுத்தித் திடீர் கொள்ளை அடிப்பதைத் தடுக்க அது உதவுகிறது, நாட்களும் குறைவு. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மொத்த வியாபாரி கொடுத்த விலையே உச்ச விலையைத் தொட்டுவிட்டால் சில்லறைக் கடைக்காரர்தான் அபராதப் பயத்தில் நிற்கிறார். மொத்த விலைக்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதிகாரி வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

பெட்ரோல் மானியத்தை ஏன் எடுக்கிறார்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு உதவியாக இருந்ததே?

உதவியாக இருந்தது. பெரிய கார் வைத்திருப்பவருக்கு இன்னும் அதிக உதவியாக இருந்தது. லிட்டருக்கு மானியம் என்றால் அதிகம் ஊற்றுகிறவருக்கு அதிகம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குக் கிடைத்தது துளி.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்குப் பழைய விலை தொடர்ந்தது. பெட்ரோலில் 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 ரகம் குடிமக்களுக்கு அடையாள அட்டை காட்டினால் 1.99 ரிங்கிட் ஆனது, மற்றவர்களுக்குச் சந்தை விலை. பொருளுக்குக் கொடுப்பதை விட்டு ஆளுக்குக் கொடுக்கும் பக்கம் நகர்கிறார்கள். சரியான திசை என்று நினைக்கிறேன். ஆனால் லோரி வாடகை ஏறினால் அது காய்கறி விலையில் வந்து உட்காரும். பதிவு செய்யத் தெரியாத சின்ன லோரிக்காரருக்கு விண்ணப்பம் போட உதவும் ஆள் வேண்டும்.

பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தால் யார் கேட்பது?

போட்டிச் சட்டம் 2010 இருக்கிறது, 2012 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. மைசிசி எனப்படும் போட்டி ஆணையம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் கோழித் தீவனம் செய்யும் 5 நிறுவனங்கள் சேர்ந்து விலை உயர்த்தியதாகத் தீர்மானித்து மொத்தம் 41 கோடியே 55 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று புரியும்: கோழிக்கடையில் விலை கட்டி சில்லறை வியாபாரியை விரட்டுவதைவிட, மேலே தீவனச் சந்தையில் போட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

இதே சட்டம் சின்னவர்களுக்கும் பொருந்தும், இதைப் பலர் அறிவதில்லை. ஒரு தெரு வியாபாரிகள் சங்கம் கூடி, "நாளை முதல் எல்லோரும் ரொட்டி சானாய்க்கு இத்தனை காசு ஏற்றுகிறோம்" என்று அறிவித்தால் அதுவும் விலைக் கூட்டுத்தான். சங்கங்கள் செலவு ஏறியதை விளக்கிச் சொல்லலாம். விலையை ஒவ்வொருவரும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெர்னாஸ் பற்றிக் கேட்பார்கள். அரிசி இறக்குமதியில் அதற்குத் தனி உரிமை 2031 ஜனவரி வரை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாகக் கையிருப்பு வைப்பது, உள்ளூர் விவசாயிகளின் நெல்லைக் கட்டாயம் வாங்குவது போன்ற பொறுப்புகளும் அதற்கு உண்டு. அந்தப் பொறுப்புகள் தேவை. அவற்றை நிறைவேற்ற ஒரே இறக்குமதியாளர்தான் வேண்டும் என்று மட்டும் எனக்கு யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால் சின்னக் கடை எப்படிப் பிழைக்கும்?

2013-இல் தீபகற்பத்தில் 900-இல் தொடங்கியது, 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்டு 1 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

பாடப்புத்தகம் சொல்லும்: சம்பளத்தைச் சட்டத்தால் ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைப்பார். தொழிலாளிக்கு வேறு இடம் போக வழி இருக்கும் சந்தையில் அது பெரும்பாலும் சரி. இங்கே அந்நியத் தொழிலாளியின் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் சம்பளம் பேசி வாங்க முடியாது. அவர் சம்பளம் தாழ்ந்து கிடந்தால் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்யும் உள்ளூர்க்காரரின் சம்பளமும் தாழ்ந்தே கிடக்கும். தோட்டத்தில் நம் பெரியவர்களுக்கு நடந்தது இதுதானே. ஆகவே குறைந்தபட்சச் சம்பளத்தை நான் ஆதரிக்கிறேன். சின்னக் கடைகளுக்கு அவகாசம் கொடுத்ததையும் ஆதரிக்கிறேன்.

முடிதிருத்தும் கடைகளுக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை?

நம் சமூகத்தின் மூன்று பழைய தொழில்கள்: முடிதிருத்தும் கடை, நகைத் தொழில், ஜவுளி. 2009-இல் இந்த மூன்றுக்கும் புதிய அந்நியத் தொழிலாளர்களை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. உள்ளூர் இளைஞர்கள் வர வேண்டும் என்பது நோக்கம். போதுமானவர்கள் வரவில்லை, பல கடைகள் ஆளில்லாமல் மூடின. 2023 செப்டம்பரில்தான் பிரதமர் 7,500 பேரை மாற்றாக எடுக்க ஒப்புக்கொண்டதாக அறிவித்தார்.

உள்ளூர் இளைஞர் வர வேண்டும் என்றால் பயிற்சி, நல்ல சம்பளம், தொழிலுக்கு மரியாதை மூன்றும் வேண்டும். கதவை மட்டும் சாத்திவிட்டு மற்றதைச் செய்யாமல் விட்டதால் பதினான்கு ஆண்டு போனது. அந்தக் கடைகளில் சிலவற்றில் மூன்று தலைமுறை உழைப்பு இருந்தது. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

சந்தை எல்லோருக்கும் சமம் என்கிறீர்கள். தொடக்கமே சமமில்லையே?

சமமில்லை. 1970-இல் தீபகற்பத்தில் நிறுவனப் பங்குகளில் 63.3 விழுக்காடு வெளிநாட்டவர் கையில் இருந்தது. பூமிபுத்ராக்களிடம் (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) 2.4, இந்தியர்களிடம் 1.1. புதிய பொருளாதாரக் கொள்கை இந்தப் பின்னணியில்தான் வந்தது. ஏழ்மையை ஒழிப்பதும், இனத்தையும் தொழிலையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி சமூகத்தை மாற்றி அமைப்பதும் அதன் இரண்டு நோக்கங்கள். முதல் நோக்கத்தில் நாடு பெரிதாக வென்றது, இந்தியக் குடும்பங்களும் பயனடைந்தன. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது வெளியேறிய நம் குடும்பங்களை எந்த இலக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. கையில் நிலம் இல்லை, நகரத்தில் தொழில் இல்லை.

பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவம், அடமானம் இல்லாமல் சிறு கடன் ஆகியவை கிடைத்தால் தொடக்கம் ஓரளவு சமமாகும். சிறு கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் எல்லாம் கையில் கையிலேயே புரண்டால் உங்கள் வியாபாரம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் காகிதத்தில் தெரியாது.

வங்கி கடன் தரவில்லை. ஆலோங்கிடம் போகலாமா?

போகாதீர்கள். ஆலோங் என்பவர் உரிமமில்லாமல் வட்டிக்கு விடுபவர். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி உச்ச வட்டி உண்டு: அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18. மாதத்துக்கு அவ்வளவு கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஒரு காலத்தில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) வங்கி எட்டிப் பார்க்காத சிறு வியாபாரிகளுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் கடன் கொடுத்தன. தேவை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சட்டப்படி கடன் கொடுப்பவர்கள் அந்த இடத்தை நிரப்பாவிட்டால் ஆலோங் நிரப்புவான்.

சேமிப்பு இருந்தால் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம்மின் உறுப்பு வங்கியில் போடுங்கள். ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் காப்புறுதி தருகிறது, நீங்கள் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

சரி, நான் ஒட்டுக்கடை திறக்கப் போகிறேன். அரசாங்கத்திடம் எங்கெல்லாம் போக வேண்டும்?

நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தொழிலைப் பதியுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். தீவில் என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பிறை, பட்டர்வொர்த் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம், அங்கே வியாபார உரிமம். சாப்பாட்டுக் கடையானால் உணவு கையாளும் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் உங்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் வேண்டும். ஆள் வைத்தால் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பதிவு. உங்களுக்கே கூட சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேருங்கள், அடுப்பு வேலையில் கை வெந்தால் அது உதவும்.

இடம் கிடைப்பதுதான் இவற்றில் கடினம். உரிமம் உள்ள இடத்தை வேறொருவர் வாடகைக்கு விட்டு, உங்கள் பெயர் எதிலும் இல்லாமல் கடை நடத்தச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே உழைப்பு உங்களுடையது, உரிமை அவருடையது. காத்திருக்க வேண்டி வந்தாலும் மன்றத்தில் உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் போட்டு, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.